வாங்கிய பிறகு வருந்திய ஆடைகள், நகைகள்: எதைப் பார்க்காமல் விட்டோம்?

இழைவாணி:

வணக்கம். அலமாரியில் இருந்ததையெல்லாம் கட்டிலில் கொட்டி, உடுத்துபவை ஒரு பக்கம், தொடாதவை ஒரு பக்கம் என்று பிரித்தேன். தொடாத குவியல்தான் உயரமாக வளர்ந்தது. நகைப் பெட்டியிலும் அதே கதை. அந்தக் குவியலில் விலை உயர்ந்தவையும் இருக்கின்றன, தள்ளுபடியில் வந்தவையும் இருக்கின்றன. விலையை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியவில்லை.

ஆனால் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, இதை ஏன் ஒதுக்கினோம் என்று பார்த்தால் காரணம் உள்ளே ஒளிந்திருக்கிறது. ஒரு மேலங்கி இருக்கிறது. வெளித்துணி அருமையான கம்பளி. உள்ளே தைத்திருக்கும் லைனிங் துணியை அக்குளருகே இறுக்கி வெட்டியிருக்கிறார்கள். கையைத் தோளுக்கு மேல் தூக்கினால் அங்கி முழுவதும் இடுப்பிலிருந்து எழும்பிவிடுகிறது. பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்க முடியாது. அடுத்து ஒரு சங்கிலி. பதக்கம் கண்ணைப் பறிக்கும். கொக்கி மட்டும் நகத்தால் வளைக்கிற அளவுக்கு மெலிதானது. அது கழுத்துக்குப் பின்னால் இருப்பதால் வாங்கும்போது யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை.

முகப்பைப் பார்த்தே பணத்தை எண்ணி வைக்கிறோம். பிறகு உறுத்துவதும் அறுந்துவிழுவதும் நிறம் மாறுவதும் மறுபக்கத்தில்தான். அந்த மறுபக்கத்தை எப்படிப் பார்ப்பது என்று தெரிந்தவர்கள் சொல்லித்தர வேண்டும். உங்கள் அலமாரியில் தூங்குபவற்றையும் சொல்லுங்கள்.

ஊசிமுனை:

தையல் தொழிலில் இருப்பவன் என்பதால் துணிப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

எந்த ஆடையானாலும் முதலில் உள்வெளியாகத் திருப்புங்கள். கடைக்காரர் ஒருமாதிரிப் பார்த்தாலும் பரவாயில்லை. தையலைப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டருக்குள் நான்கைந்து தையல் விழுந்திருந்தால் அது நிதானமாகத் தைத்த சட்டை. இரண்டோ மூன்றோதான் என்றால் வேகத்துக்காகத் தையலை நீட்டியிருக்கிறார்கள். இரண்டு கட்டைவிரல்களையும் தையலின் இரு பக்கமும் வைத்து மெல்ல இழுங்கள். தையல் வாய் பிளந்து நூல் ஏணிபோல் தெரிந்தால் கீழே வைத்துவிடுங்கள். தோளிலும் கால்சட்டையின் பின்புறத்திலும் அது முதலில் விட்டுப்போகும்.

பிறகு, தையலுக்கு உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அரை விரற்கடைகூட இல்லாமல் ஓரத்தை ஒட்ட வெட்டி ஓவர்லாக் அடித்திருந்தால், உடம்பு கொஞ்சம் பூசினாலும் அந்த ஆடையைப் பிரித்துவிட வழியே இல்லை. தாராளமாகத் துணி விட்ட கால்சட்டையை இடுப்பில் பிரித்து இன்னும் பல வருடம் உடுத்தலாம். அந்த ஆடை உங்களோடு எவ்வளவு காலம் வரும் என்பதை அந்தச் சின்ன இடம்தான் தீர்மானிக்கிறது.

கோடு போட்ட துணியோ கட்டம் போட்ட துணியோ என்றால் பக்கத் தையலில் கோடுகள் ஒன்றோடொன்று சேர்கின்றனவா என்று பாருங்கள். கோட்டைச் சேர்க்கத் துணி கூடுதலாகச் செலவாகும். அங்கே மிச்சம் பிடிக்காதவர் மற்ற இடங்களிலும் பெரும்பாலும் மிச்சம் பிடித்திருக்க மாட்டார்.

பின்னல் பனியன் வகைகளுக்குத் தனிச் சோதனை உண்டு. நடுவில் நீளவாக்கில் மடித்துத் தொங்கவிடுங்கள். பக்கத் தையல் நேராக விழாமல் முன்பக்கம் திரும்பி வந்தால், துணியை இழை ஓட்டத்துக்கு நேராக வெட்டவில்லை, அல்லது நூலில் முறுக்கு அதிகம். துவைக்கத் துவைக்க அது இன்னும் திருகிக்கொள்ளும். இஸ்திரி போட்டு நேராக்க முடியாது.

போட்டுப் பார்க்கும்போது நின்றுமட்டும் பார்க்காதீர்கள். உட்காருங்கள், குனிந்து செருப்பைத் தொடுங்கள், இரு கைகளையும் மேலே தூக்குங்கள். இழைவாணி சொன்ன மேலங்கி அந்த மூன்றாவது அசைவிலேயே தன்னைக் காட்டிக்கொடுத்திருக்கும். அக்குள் குழி தாழ்வாக இருந்தால்தான் கை தூக்க வசதி என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மை தலைகீழ். குழி மேலே ஏறி உடம்பை ஒட்டி இருந்தால்தான் கை மட்டும் எழும்பும், அங்கி தன் இடத்தில் இருக்கும்.

மழைமேகம்:

ஊசிமுனை சொன்னதோடு வெளிச்சத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடை விளக்கின் கீழ் ஒரே நிறமாகத் தெரிந்த மேல்சட்டையும் கால்சட்டையும் வெயிலில் இரண்டு வேறு நிறமாகப் பல்லிளிக்கும். சாயங்கள் வேறு வேறாக இருந்தால் ஒரு விளக்கில் ஒத்துப்போகும், இன்னொன்றில் ஒத்துப்போகாது. கறுப்பிலும் கருநீலத்திலும் இது அதிகம். துணியை வாசல்வரை கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

பஞ்சுப்பொதி:

நூற்பாலையில் பல காலம் வேலை பார்த்தவள் நான். என் பங்குக்கு இழையைப் பற்றிச் சொல்கிறேன். கழுத்துப்பட்டியில் இருக்கும் சின்னச் சீட்டை யாரும் படிப்பதில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

விஸ்கோஸ், ரேயான் என்று எழுதியிருந்தால் அது மரக்கூழிலிருந்து எடுத்த இழை. வழுவழுவென்று விழும், உடம்புக்குக் குளிர்ச்சி. ஆனால் நனைந்ததும் அதன் வலு ஏறத்தாழ பாதியாகக் குறைந்துவிடும். பருத்திக்கு நேர்மாறு, ஈரத்தில் அதன் வலு கூடும். ஆகவே பருத்தியைப் பிழிவதுபோல் விஸ்கோஸைப் பிழிந்தால் நீண்டுபோகும், அல்லது சுருங்கிக் கிழியும். குறை துணியில் இல்லை, துவைத்த முறையில்தான். இதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் வருந்த வேண்டியதில்லை.

கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. வெந்நீரும் கசக்கலும் சேர்ந்தால் செதிலோடு செதில் மாட்டிக்கொண்டு துணி தடித்துச் சுருங்கிவிடும். பிறகு எவ்வளவு இழுத்தாலும் பழைய அளவு திரும்பாது. குளிர்ந்த நீர், மென்மையான கை, தட்டையாக விரித்துக் காயவைத்தல் என்று அதற்கு நேரம் ஒதுக்க முடியாதவர்கள் வாங்கவே வேண்டாம்.

சட்டையில் முளைக்கும் நூல் உருண்டைகள் பற்றியும் சொல்ல வேண்டும். குட்டை இழையில் நூற்ற நூலிலிருந்து இழை நுனிகள் வெளியே வந்து, உராய்ந்து, உருண்டையாகும். நீள இழைப் பருத்தியில் நுனிகள் குறைவு, உருண்டையும் குறைவு. பாலியெஸ்டரோ அக்ரிலிக்கோ கலந்திருந்தால் நிலைமை மோசம். செயற்கை இழை வலுவானது என்பதால் உருண்டை உதிராமல் அங்கேயே தொங்கும். கடையிலேயே துணியின் ஒரு மூலையை அதே துணியோடு நன்றாகத் தேய்த்துப் பாருங்கள். அப்போதே பஞ்சு எழும்பினால் அக்குளிலும் பையின் வார் படும் தோளிலும் சில வாரங்களில் எழும்பும்.

கழுவும் முறைக் குறிகளும் அந்தச் சீட்டிலேயே இருக்கின்றன. தொட்டி துவைப்பதற்கு, முக்கோணம் வெளுப்பதற்கு, சதுரத்துக்குள் வட்டம் இயந்திரத்தில் உலர்த்துவதற்கு, தனி வட்டம் உலர் சலவைக்கு. தொட்டியின் மேல் குறுக்குக் கோடு போட்டிருந்தால் வீட்டில் நீரில் போடக்கூடாது. 1963-இல் பாரிஸில் தொடங்கிய கினெடெக்ஸ் என்ற அமைப்பு வளர்த்தெடுத்த குறிகள் இவை. பல நாடுகளில் இவற்றையே பயன்படுத்துகிறார்கள். உலர் சலவைக்குமட்டும் என்று குறித்த ஆடையை வாங்கும்போது அந்தச் செலவையும் சேர்த்தே விலையாக எண்ணுங்கள். என் அனுபவத்தில், அலமாரியில் தூங்கும் ஆடைகளில் பெரும்பகுதி சலவைக்குப் பயந்து தொடாமல் விட்டவைதான்.

தேன்சிட்டு:

எனக்கு ஆடையைவிட நகையில்தான் மனக்குறை. காதில் எதைப் போட்டாலும் மறுநாள் அரிப்பு, சிவப்பு, நீர் வடிதல். ‘ஒவ்வாமை தராதது’ என்று அட்டையில் எழுதிய தோடுகளை நம்பி வாங்கினேன். அவையும் அப்படித்தான். ஆசையாக வாங்கியவை எல்லாம் டப்பாவில் கிடக்கின்றன. கவரிங் நகை என் உடம்புக்கே ஆகாதா?

பட்டறைத்தீ:

தேன்சிட்டு, பெரும்பாலும் அது நிக்கல். மலிவான உலோகக் கலவைகளிலும் முலாமுக்கு அடியில் போடும் பூச்சிலும் நிக்கல் இருக்கும். மேலே இருக்கும் தங்க முலாம் தேய்ந்ததும் நிக்கல் வியர்வையில் கரைந்து தோலுக்குள் போகிறது. ஒருமுறை உடம்பு அதைப் பகையாக எடுத்துக்கொண்டால் வாழ்நாள் முழுவதும் நினைவு வைத்திருக்கும். தோல் மருத்துவரிடம் ஒட்டுச் சோதனை (சந்தேகப்படும் பொருளைத் தோலில் ஒட்டிப் பார்ப்பது) செய்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 1994-லேயே இதற்குச் சட்டம் கொண்டுவந்தது. இப்போது அங்கே காது குத்தும் தண்டிலிருந்து வாரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளிவரக்கூடாது, தோலில் படும் மற்ற நகைகளில் 0.5. ‘ஒவ்வாமை தராதது’ என்ற சொல்லுக்கு அப்படிப்பட்ட அளவுகோல் எதுவும் கிடையாது. அட்டையில் யாரும் அச்சடித்துக்கொள்ளலாம்.

ஆகவே அந்தச் சொல்லை விட்டுவிட்டு உலோகத்தின் பெயரைக் கேளுங்கள். தூய டைட்டானியம், நையோபியம், பிளாட்டினம் ஆகியவை உங்களுக்குப் பொருந்தும். காரட் அதிகமான மஞ்சள் தங்கமும் பெரும்பாலும் ஒத்துவரும். வெள்ளைத் தங்கத்தில் கவனம் தேவை. தங்கத்தை வெளுக்கச் செய்யச் சிலர் பல்லேடியம் கலப்பார்கள், சிலர் நிக்கல் கலப்பார்கள். எது என்று கேட்டு வாங்குங்கள்.

இனி எல்லோருக்குமாக நகையின் மறுபக்கம்.

முத்திரை எண்ணை முதலில் தேடுங்கள். 916 என்றால் ஆயிரத்தில் 916 பங்கு தங்கம், அது 22 காரட். 750 என்றால் 18 காரட், 585 என்றால் 14 காரட். 925 என்றால் வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. வெள்ளி கறுத்தால் ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள். காற்றிலும் வியர்வையிலும் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் பட்டு நல்ல வெள்ளியும் கறுக்கும். துடைத்தால் போய்விடும்.

முலாம் பூசிய நகையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பூச்சு எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு)? அரை மைக்ரானுக்கும் குறைவான பூச்சை மோதிரத்தில் போட்டால் கைகழுவிக் கைகழுவியே போய்விடும். வெள்ளியின் மேல் இரண்டரை மைக்ரான் தங்கம் என்றால் நிதானமாக அணிந்து பல காலம் வைத்திருக்கலாம். விற்பவருக்குப் பதில் தெரியவில்லையென்றால் பூச்சு மெலிது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அதே பூச்சு காதில் நெடுநாள் நிற்கும், விரலில் நிற்காது. கவரிங் வாங்கியே ஆக வேண்டுமென்றால் உராய்வு குறைந்த இடத்துக்கு வாங்குங்கள்.

வெள்ளைத் தங்கம் கடையில் பளீரென்று வெளுத்திருப்பது ரோடியம் என்ற வெண்ணிற உலோகப் பூச்சினால். மோதிரத்தில் அது ஓரிரு வருடத்தில் தேய்ந்து உள்ளிருக்கும் மங்கலான மஞ்சள் தெரியும். மறுபடி பூசிக்கொள்ளலாம், ஆனால் அது தொடர் செலவு. இதை முன்கூட்டியே சொல்லாத வியாபாரிமீது எனக்குக் கோபம் உண்டு.

கல் நகையைக் கவிழ்த்துப் பாருங்கள். கல்லைப் பிடித்திருக்கும் நகங்கள் சமமாக அமர்ந்திருக்கின்றனவா? ஒரு பஞ்சு நூலை அவற்றின்மேல் இழுத்தால் மாட்டாமல் வழுக்க வேண்டும். மாட்டினால் நகம் எழும்பியிருக்கிறது. இன்று நூலைப் பிடிப்பது நாளை கல்லை விடும். காதருகே வைத்து விரலால் தட்டுங்கள். கிலுகிலுவென்று சத்தம் வந்தால் கல் ஆடுகிறது. சங்கிலியில், கொக்கியைச் சேர்க்கும் வளையம் பற்றவைத்திருக்கிறதா, வாய் மூடியமட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். தொலைந்துபோகும் பதக்கங்களில் பல அந்த வாய் வழியாகத்தான் நழுவுகின்றன.

மழைமேகம்:

கல்லைப் பற்றியும் சொல்லுங்கள் பட்டறைத்தீ. தினமும் போடும் மோதிரத்தில் ஓப்பல் பதித்து வாங்கினேன். இப்போது மேல்பரப்பு பனி படர்ந்த கண்ணாடிபோல் இருக்கிறது.

பட்டறைத்தீ:

ஃபிரெட்ரிக் மோஸ் 1812-இல் வகுத்த கடினத்தன்மை வரிசையை நகை வாங்குபவர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். அதில் வைரம் 10, மாணிக்கமும் நீலமும் 9, புஷ்பராகம் (டோபாஸ்) 8, குவார்ட்ஸ் 7. ஓப்பல் ஐந்தரைக்கும் ஆறரைக்கும் நடுவே. முத்து அதற்கும் மிகக் கீழே, இரண்டரை, மூன்று அளவில். வீட்டுத் தூசியில் குவார்ட்ஸ் துகள்கள் உண்டு. எனவே ஏழுக்குக் கீழே இருக்கும் கல்லை உலர்ந்த துணியால் துடைப்பதே அதைக் கீறுவதுதான். உங்கள் ஓப்பலுக்கு நேர்ந்தது அதுதான். மெருகு போட்டுக் கொஞ்சம் மீட்கலாம். ஆனால் அது ஒட்டுக்கல்லா என்று முதலில் பார்க்க வேண்டும். மெல்லிய ஓப்பல் தகட்டை வேறொரு கல்லின்மேல் ஒட்டியிருந்தால் மெருகிலும் நீரிலும் சேதமாகும். மோதிரத்திலிருந்து எடுத்துப் பதக்கமாக மாற்றினால் அந்தக் கல் நிம்மதியாக இருக்கும்.

கடினம் வேறு, உறுதி வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். வைரத்தைக் கீற முடியாது, ஆனால் குறிப்பிட்ட திசையில் அடிபட்டால் பிளக்கும். மரகதத்துக்குள் இயற்கையாகவே விரிசல்கள் உண்டு. அவற்றை எண்ணெயால் நிரப்பித்தான் பெரும்பாலும் விற்கிறார்கள். அதிர்வுக் கருவியில் போட்டுச் சுத்தம் செய்தால் எண்ணெய் வெளியேறி விரிசல் பளிச்சென்று தெரியும். முத்துக்கு வாசனைத் திரவியமும் வியர்வையும் எதிரிகள். எல்லா ஒப்பனையும் முடிந்த பிறகு அணிந்து, வந்ததும் முதலில் கழற்றி, ஈரத் துணியால் துடைத்து வையுங்கள்.

கணக்குப்பிள்ளை:

நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். விலையை, அணியப்போகும் தடவைகளால் வகுத்துப் பார்ப்பேன். நூறு தடவை அணியும் விலை உயர்ந்த காலணி, இரண்டு தடவை அணியும் மலிவான காலணியைவிட லாபம். இந்த வகுத்தலைச் செய்யாமல் எதையும் வாங்குவதில்லை.

நெல்மணி:

கணக்குப்பிள்ளை, உங்கள் கணக்கு சரி. ஆனால் அதை வாங்கும் முன்பு போடுவதில்தான் சிக்கல். ஆசை வந்த பிறகு நூறு தடவை அணிவேன் என்று மனம் தாராளமாக எழுதிக்கொடுத்துவிடும். எந்த விலையையும் அந்த எண் நியாயப்படுத்திவிடும். ஏற்கெனவே வைத்திருப்பவற்றுக்கு இந்தக் கணக்கைப் போடுங்கள், அப்போதுதான் உண்மை வெளிவரும். என்னிடம் அதிகம் தேய்ந்தவை எல்லாம் தட்டையான காலணிகள், பை வைத்த கால்சட்டைகள், வெளிர்நிறப் பருத்திச் சட்டைகள். அலமாரியில் புதிதாகவே இருப்பவை விழாவுக்குரியவை. ஏதோ ஒரு விருந்துக்குப் போகிற இன்னொருத்திக்காக நான் வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறேன். தையல் குறை, முலாம் குறை எல்லாம் இல்லாமலும் ஒரு பொருள் வீணாகக் கிடக்கும். அதை உள்வெளியாகத் திருப்பிக் கண்டுபிடிக்க முடியாது.

மெலிந்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு அளவு சின்னதாக வாங்குவதும் இதே வகைதான். தயவுசெய்து இன்றைய உடம்புக்கு வாங்குங்கள். அந்த உடம்புதான் நாளைக் காலை வேலைக்குப் போகப்போகிறது. அளவு எண்ணையும் நம்பாதீர்கள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அது மாறும். உங்களுக்குச் சரியாக இருக்கும் ஆடையைத் தரையில் விரித்து மார்பு, தோள், நீளம் அளந்து வைத்துக்கொண்டு, இணையத்தில் வாங்கும்போது அந்த அளவுகளோடு ஒப்பிடுங்கள்.

இழைவாணி:

நெல்மணி சொல்வது என்னை யோசிக்க வைக்கிறது. என் குவியலில் பாதி அப்படித்தான். என்றாலும், அன்றாடம் அணிவதற்கென்றே வாங்கியும் தையலால் தோற்றவை மறுபாதி. இரண்டையும் பார்த்துத்தான் ஆக வேண்டும் போலிருக்கிறது.

காலைப்பனி:

எல்லோரும் நல்ல தையல், நீள இழை, இரண்டரை மைக்ரான் என்கிறீர்கள். இவையெல்லாம் கையில் பணம் இருப்பவர்களுக்கு. மலிவானதைத்தவிர வேறு எதையும் வாங்க முடியாதவர்கள் என்ன செய்வது? தரமானதை ஒன்று வாங்கு என்ற அறிவுரையைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

ஊசிமுனை:

நியாயமான கேள்வி, காலைப்பனி. குறைந்த விலையிலும் தேர்வு செய்ய இடம் உண்டு. மலிவான ஆடையில் முதலில் கெட்டுப்போவது அலங்காரம்: ஒட்டிய மணிகள், மெல்லிய ஜரிகை, அச்சடித்த படம், ஜிப். அவை இல்லாத எளிய ஆடையை எடுத்தால், அதே பணம் துணிக்கும் தையலுக்கும் போயிருக்க வாய்ப்பு அதிகம். வெட்டுகள் குறைந்த, பொத்தான் வைத்த, ஒரே நிறப் பருத்தி ஆடை மலிவிலும் நன்றாக உழைக்கும். வெளிறுவது தெரிய வரும் அடர்கறுப்பைத் தவிர்த்து நடுத்தர நிறம் எடுங்கள்.

வாங்கியதும் பொத்தான்களை ஒருமுறை வீட்டிலேயே அழுத்தித் தைத்துவிடுங்கள். ஆலையில் தைத்த பொத்தானில் பெரும்பாலும் நூல் முடிச்சு இருக்காது. ஒரு நுனியை இழுத்தால் முழுவதும் உருவிக்கொண்டு வந்துவிடும். நல்ல துணியில் வந்த பழைய ஆடைகளை விற்கும் இடங்களையும் ஒதுக்காதீர்கள். பலமுறை துவைத்தும் வடிவம் மாறாமல் இருக்கும் ஆடை தன் சோதனையை ஏற்கெனவே முடித்துவிட்டது. சுருங்க வேண்டியது சுருங்கி, சாயம் போக வேண்டியது போயிருக்கும். அக்குள், தொடையிடுக்கு, கழுத்துப்பட்டி மடிப்பு மூன்றையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். அங்கே துணி மெலிந்திருக்காவிட்டால் தைரியமாக வாங்கலாம்.

காலைப்பனி:

பொத்தான் விஷயம் நான் அறியாதது. நன்றி ஐயா. இன்றே செய்கிறேன்.

கணக்குப்பிள்ளை:

நெல்மணியின் திருத்தத்தை ஏற்கிறேன். நகையில் இன்னொரு கணக்கும் உண்டு. சேமிப்பு என்று சொல்லிக்கொண்டு கல் பதித்த நகை வாங்குகிறோம். விற்கப் போகும்போது செய்கூலி திரும்ப வராது, கல்லின் எடையைக் கழித்துவிடுவார்கள், உலோகத்தின் மதிப்புதான் மிஞ்சும். ஆய்வக வைரத்தைச் சேமிப்பாக எண்ணுவதும் தவறு. ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் 1954 டிசம்பரிலேயே செயற்கை வைரத்தை உருவாக்கிவிட்டார்கள். இன்று உற்பத்தி பெருகி, அதன் விலை வெகுவாக இறங்கிவிட்டது. அழகுக்காக வாங்குங்கள், அது உண்மையான வைரம்தான். மறுவிற்பனையை எதிர்பார்த்து வாங்காதீர்கள்.

தேன்சிட்டு:

பட்டறைத்தீ ஐயா, கடைசியாக ஒன்று. டைட்டானியம் தோடு தேடத் தொடங்கிவிட்டேன். கூடவே சுற்றிலும் கல் பதித்த மோதிரம் ஒன்று வாங்கும் ஆசையும் இருக்கிறது. அளவு கொஞ்சம் தளர்வாகத் தெரிகிறது. பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று கடையில் சொல்கிறார்கள்.

பட்டறைத்தீ:

அந்தப் பேச்சை நம்பி வாங்காதீர்கள். வளையம் முழுவதும் கல் ஓடும் மோதிரத்தில் வெட்டிச் சேர்க்க வெற்று உலோகமே இருக்காது. அளவு மாற்ற முயன்றால் பக்கத்துக் கற்கள் தளரும். பின்பாதி வெறும் உலோகமாக இருக்கும் வடிவத்தைக் கேளுங்கள், முன்னால் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். விரலை அளக்கும்போது காலைக் குளிரில் அளக்காதீர்கள், அப்போது விரல் சுருங்கியிருக்கும். உடம்பு இயல்பான சூட்டில் இருக்கும் மாலையில் அளந்து, மூட்டைத் தாண்டும்போது கொஞ்சம் தடுத்து, அடியில் சுழலாமல் நிற்கும் அளவை எடுங்கள். பட்டை அகலமாக இருந்தால் அரை அளவு கூட்டிக்கொள்ளுங்கள். உலோகம் எது, நிக்கல் கலந்ததா என்பதையும் ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.